மனை விலை தானாக ஏறுகிறதா, ஏற்றிவிடுகிறார்களா? அட்வான்ஸ் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

செங்கல்பட்டுப் பக்கம் பத்திரம் எழுதும் தொழிலில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "இந்த ரேட் சரிதானே அண்ணா?" என்று கேட்பார்கள். ஒரு மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதற்கு நீங்களே விடை தேடும் வழியை எழுதுகிறேன்.

வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பை, வைத்து விலைப் போக்கைக் கணிக்காதீர்கள். 2017 ஜூனில் அரசு அதை மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைத்தது. பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டுக் கட்டணத்தை 2 ஆக்கியது. 2017-ல் மதிப்பு குறைந்ததற்காக ஊரப்பாக்கத்தில் மனை வைத்திருந்தவர் யாரும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து விற்கவில்லை. பலர் வழிகாட்டி மதிப்பையே பத்திரத்தில் போடுவதால், பத்திரத் தொகையும் கைமாறிய பணமும் ஒன்றல்ல.

நகரத்தின் போக்கு வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் வீட்டு விலைக் குறியீட்டைப் பாருங்கள். அது பதிவுத்துறைக் கணக்கில் எழுவது, ஆகவே மேலே சொன்ன குறை அதிலும் உண்டு. தேசிய வீட்டு வசதி வங்கியின் ரெசிடெக்ஸ், வங்கிகள் கடன் கொடுக்கும்போது போட்ட மதிப்பை வைத்து 50 நகரங்களுக்கு வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறியீடு 5 சதவீதம் ஏறி, விலைவாசியும் 5 சதவீதம் ஏறியிருந்தால் வீடு உண்மையில் ஏறவே இல்லை. இவை சொல்வது சென்னையின் சராசரி. உங்கள் தெருவுக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும்.

அடுக்குமாடி வீடு என்றால் வாடகைக் கணக்கு போடுங்கள். 60 லட்சம் சொல்லும் வீட்டுக்கு மாத வாடகை 15,000 வருகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 1,80,000, அதாவது 3 சதவீதம். 48 லட்சம் கடனை எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு எடுத்தால் தவணை 41,000 ரூபாயைத் தாண்டும். இந்த இடைவெளி நம் ஊரில் எப்போதும் உண்டு. கவனிக்க வேண்டியது அது விரிகிறதா என்பதைத்தான். மூன்று வருடத்தில் விலை பாதிக்குப் பாதி ஏறி, வாடகை மட்டும் நின்ற இடத்தில் நின்றால், குடியிருக்க வருகிறவர்கள் அந்த விலையை ஏற்றவில்லை.

மனைக்கு வாடகை கிடையாது. அதற்கு, ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைத்தான் நம்புவேன். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். எல்லோரும் அடமானம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தேதிகளைப் படியுங்கள். ஒரு தம்பி கொண்டு வந்த 1,200 சதுர அடி மனையின் சான்றில் 22 மாதத்துக்குள் நான்கு விற்பனை இருந்தது. பத்திர நகல்களை எடுத்துப் பார்த்தால் வாங்கிய நால்வருமே வெளியூர். ஒருவர் பெயரிலும் கட்டட அனுமதி இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கட்டிப் பதிந்தவர் ஐந்தாறு மாதத்தில் விற்கிறார் என்றால், அடுத்த ஆள் அதைவிட அதிகம் கொடுப்பார் என்ற நம்பிக்கையில்தான் வாங்கியிருக்கிறார். பக்கத்து மனைகளின் எண்களையும் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் இப்படியே இருந்தால் அந்த லேஅவுட்டில் வீடு கட்ட வந்தவர்கள் குறைவு. பதிவாகாமல் வெறும் ஒப்பந்தமாகக் கைமாறியது இதில் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் ஒரகடம் தாண்டி அப்படி ஒரு மனை வாங்கினார். தொழிற்சாலை வரும், குடியிருப்பு வரும் என்றார்கள். தொழிற்சாலைகள் வந்தன. ஆனால் வேலைக்கு வந்தவர்கள் நிறுவனப் பேருந்தில் வந்து போனார்கள், அங்கே தங்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு விற்கப் போனபோது வாங்கிய விலைக்கே ஆள் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்த லேஅவுட்டில் கல் நட்ட வரிசைதான் இருக்கிறது, நடுவில் கருவேலம். தங்கை நகையை விற்றுக் கல்யாணத்தை முடித்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால்தான், புரோக்கர் காரில் பகலில் போவதோடு நிறுத்தாமல், இரவு எட்டு மணிக்குத் தனியாக ஒருமுறை போங்கள். எத்தனை ஜன்னலில் வெளிச்சம், எத்தனை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் பால் கடை உண்டா என்று எண்ணுங்கள். போட்டு ஐந்து வருடமான 100 மனை லேஅவுட்டில் பத்து வீடுகூட எழவில்லை என்றால் விலைப் பலகை என்ன சொன்னாலும் நான் யோசிப்பேன்.

அறிவிப்பை வைத்து ஏறும் விலைக்கும் இதே கணக்குதான். 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததும் சுற்றுவட்டார மனை விளம்பரம் எல்லாவற்றிலும் விமானம் பறக்க ஆரம்பித்தது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் அப்படியல்ல. 2023 டிசம்பர் 30 முதல் பேருந்து ஓடுகிறது, நேரில் போய்ப் பார்க்கலாம். நடந்துவிட்டதற்குக் கொடுக்கும் விலை வேறு, நடக்கப் போவதற்குக் கொடுக்கும் விலை வேறு.

அப்புறம் இன்னொன்று, இதற்கு ஒரு போன் போதும். அதே பகுதியில் வேறொரு புரோக்கரைக் கூப்பிட்டு, "அந்த நகரில் மனை விற்பதாக இருந்தால் என்ன விலை போகும், எத்தனை நாளில் பணம் கைக்கு வரும்?" என்று கேளுங்கள். வாங்குகிறவரிடம் சதுர அடி 3,000 என்றவர்கள் விற்கிறவரிடம் 2,200 என்றும், "ஆள் வரட்டும் பார்க்கலாம்" என்றும் சொன்னால், அட்வான்ஸ் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.