கிளை முறிந்த தெருமரத்தைக் காப்பாற்றும் முறை

செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலோடு இறங்கும் காற்று, தெருமுனை வேம்பிலோ பேருந்து நிறுத்தத்துத் தூங்குமூஞ்சி மரத்திலோ ஒரு பெருங்கிளையையாவது முறித்துவிட்டுப் போவது வழக்கம். மறுநாளே, "பாதி போய்விட்டது, மீதியையும் கழித்துவிட்டால் சீராகத் தழைக்கும்" என்று யாராவது சொல்லத் தொடங்குவார்கள். காற்றுக்குத் தப்பிய மரங்கள் பல இந்த யோசனையில்தான் பட்டுப்போகின்றன. இலையிழந்த மரம் தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டே பிழைக்க வேண்டியிருப்பதால், எஞ்சிய பச்சைக் கிளைகளை அடுத்த ஓராண்டுக்கேனும் தொடக்கூடாது.

முதலில் செய்ய வேண்டியது மரத்துக்கு அன்று, மனிதர்களுக்கு. கிளை மின்கம்பியில் சாய்ந்திருந்தால் எவரும் அருகே போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 9498794987-க்குச் சொல்லி, மின்சாரம் நிறுத்தப்பட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கும் கிளை இரண்டு நாள் கழித்துக் காற்றே இல்லாத நேரத்திலும் விழும் என்பதால், அதன் அடியில் ஆட்டோவையோ தள்ளுவண்டியையோ நிறுத்த விடக்கூடாது. மரம் புதிதாக ஒரு பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்கத்து மண்ணில் வெடிப்பும் கண்டிருந்தால் வேரே அசைந்துவிட்டது என்று பொருள். அது இந்தக் குறிப்புகளுக்கு அடங்காத நிலை.

முறிந்த இடத்தைச் சீர்செய்வதுதான் கவனம் தேவைப்படும் வேலை. கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், சுற்றிலும் சற்றே புடைத்து, பட்டை சுருக்கம் விழுந்த ஒரு தடிப்பு தெரியும். காயத்தை மூடும் புதுத்திசு அங்கிருந்தே வளர்வதால், அந்தத் தடிப்பை வெட்டவும் கூடாது, அதற்கு வெளியே முழ நீளத்துக்கு முளைபோல் கட்டையை விட்டுவைக்கவும் கூடாது. கனமான கிளையை ஒரே வெட்டில் அறுத்தால், அது விழும்போது தண்டின் பட்டையை ஆளுயரத்துக்கு உரித்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் கனத்தில் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு முதலில் அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சில அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைக் கயிற்றில் இறக்க வேண்டும். எஞ்சிய கட்டையை மூன்றாவது வெட்டாகத் தடிப்பை ஒட்டி எடுக்க வேண்டும். அரிவாளால் கொத்திய வாயில் நீர் தங்குமாதலால் இதற்கு ரம்பம்தான் ஏற்றது. உயரத்தில் செய்ய வேண்டியதைப் பழகிய மரமேறியிடம் விட்டுவிட்டு, எங்கே அறுக்க வேண்டும் என்பதைக் கீழிருந்தே சுண்ணாம்புக் குறியோடு சொல்லிவிடுவது நல்லது. கூலி பேசும்போதே சொல்லாவிட்டால் விறகுக் கணக்கில்தான் வெட்டு விழும்.

வெட்டிய வாயில் தார், பெயின்ட் பூசுவது நம்மூரில் ஊறிப்போன பழக்கம். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்பெழுப்பிப் புறத்தே புதுக்கட்டையால் மூடிக்கொள்கிறது என்று 1970-களில் விளக்கினார். தார்ப்பூச்சு அந்த அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கவும் கூடும். வெட்டு வாயைக் காற்றாட விட்டுவிடலாம்.

தண்ணீர் சாரல் காலத்தில் தேவையில்லை. மாசி முதல் சித்திரை வரை வாரம் ஒருமுறை, தண்டின் அடியில் ஊற்றாமல் கிளைவிரிவின் விளிம்புக்கு நேர்கீழே ஆழமாக நனையுமாறு விட்டால் போதும். உதிர்ந்த சருகையே மூடாக்காகப் பரப்பலாம், ஆனால் அது தண்டைத் தொடக்கூடாது. உரம் வேண்டாம். அடிமரத்தை நெருக்கிக் கட்டிய சிமெண்டு மேடை இருந்தால் அதைத் தளர்த்துவது எந்த உரத்தையும்விடப் பயன் தரும். அமர்ந்து பேசுபவர்களிடம் இதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கடினம்.

ஓரிரு மாதத்தில் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர் கிளம்பும். முதல் ஆண்டு அவை அனைத்தையும் விட்டுவைக்க வேண்டும், ஏனெனில் அவையே மரத்துக்கு உணவு சமைக்கும் இலைகள். ஆனால் இத்துளிர்கள் உள்மரத்தில் வேரூன்றாமல் மேற்கட்டையில் மட்டும் ஒட்டி வளர்வன. கனத்தபின் அடுத்தடுத்த ஆடிக்காற்றில் எளிதில் பிய்ந்து விழும். ஆகவே இரண்டாம் ஆண்டிலிருந்து, வெவ்வேறு திசை நோக்கி இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்து, மற்றவற்றை ஒரேயடியாக அன்றிச் சிறிது சிறிதாகக் கழிக்க வேண்டும். அடிமரத்தில் காளான் தட்டுத் தட்டாக முளைத்தால் உள்ளே அழுகல் பரவியிருக்கலாம். அப்போது வனத்துறையிடம் காட்டுவது உசிதம்.

விழுந்த கிளையின் குழை ஆட்டுக்குப் போகும், கட்டை அடுப்புக்குப் போகும். அது ஆல், அரசு, பூவரசு ஆகியவற்றின் கிளையாக இருந்தால் மட்டும், மணிக்கட்டுக் கனத்தில் ஆளுயரப் போத்துகளாக வெட்டி, மேல்முனையில் சாணம் அப்பி, இரண்டடிக் குழியில் சாரல் ஓயுமுன் நட்டுவிடலாம். வேம்புக்கு இந்த வழி பெரும்பாலும் பலிக்காது. அதற்குக் கன்றுதான் நட வேண்டும். எதை நட்டாலும் இரண்டாண்டுக்கு முள்வேலி கட்டாயம், ஏனெனில் குழை தின்று பழகிய ஆடு முதலில் அங்கேதான் வரும்.