இலை சுருண்டால் ஆன்டிபயாட்டிக் எதற்கு?

கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் புதிதாகத் தக்காளி போடுகிறவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த தப்புகளை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். பாக்கெட்டில் தேதி பார்ப்பது, உயிர் உரத்தை வெயிலில் வைக்காதது எல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இலைச்சுருட்டுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் அடிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பையன் வந்தான். "அண்ணா, ரெண்டு தடவை அடிச்சுப் போட்டனுங்க, கொழுந்து இன்னும் சுருட்டுதுங்க." சுருட்டத்தான் செய்யும். ஸ்ட்ரெப்டோமைசின் ஒரு ஆன்டிபயாட்டிக்; பாக்டீரியா தன் உடம்புக்குள் புரதம் செய்கிற இடத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இலைச்சுருட்டோ வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய். வைரஸுக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. செடியின் செல்லுக்குள் புகுந்து அதை வைத்தே பெருகுகிறது. வைரஸ் ஏறிய செடியைத் தேற்ற மருந்தே இல்லை.

மருந்துக் காசு போனால்கூடப் பரவாயில்லை. கேட்கும் கேட்கும் என்று காத்திருக்கிற நாட்களில் வெள்ளை ஈ அந்தச் செடியில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த பாத்திக்குப் போகிறது. பூக்கும் முன்பே சுருண்ட செடியில் காய் பேருக்குத்தான் இருக்கும். ஈ மந்தமாக இருக்கும் விடியற்காலையில் பிடுங்கி, சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். நல்ல காய் பிடித்த பிறகு சுருண்டதா, விட்டுவிடலாம். அடுத்த முறை நாற்றங்காலுக்கு நெருக்கமான நைலான் வலை கட்டுங்கள். நடுவதற்கு முன்பே, ஈக்குத் தடுப்பாக வரப்போரம் மக்காச்சோளம் விதையுங்கள்.

இலை சுருளாமல், பச்சையாகவே செடி வாடினால் அது வேறு சங்கதி. தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டிய நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல ஒரு நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கும் மருந்து பெரிதாகக் கேட்காது. அந்த இடத்தில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம், சோளம் போடுங்கள்.

சூடோமோனாஸையும் காப்பர் மருந்தையும் ஒரே டேங்கில் கலப்பது

வேண்டாம். சூடோமோனாஸ் நோயைத் தடுக்கிற நல்ல பாக்டீரியா, காப்பர் அதையும் கொல்லும். காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை நீங்களே கொல்கிறீர்கள்.

என்.பி.வி. அடித்த மறுநாளே புழுவைத் தேடுவது

இது நமக்கு உதவுகிற வைரஸ். பச்சைக் காய்ப்புழுவைக் கொல்லும், தேனீயைத் தொடாது. ஆனால் புழு அதைத் தின்ன வேண்டும். சாக நாலைந்து நாளாவது ஆகும். அதற்குள் பொறுமையிழந்து விஷ மருந்துக்கு ஓடுகிறார்கள். செத்த புழு தலைகீழாகத் தொங்கும், தொட்டால் தண்ணீராக ஒழுகும். வெயில் இந்த வைரஸை அழித்துவிடும், அதனால் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும்.

வேர் முடிச்சைப் பார்த்துப் பயப்படுவது

தக்காளி வேரில் முடிச்சு இருந்தால் நூற்புழு, பயப்படலாம். உளுந்து, தட்டைப்பயறு, கடலையில் பெரும்பாலும் அது ரைசோபியம்; காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிற பாக்டீரியா. நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, பிரிந்து வராது. ரைசோபியம் முடிச்சு கிள்ளினால் தனியாகக் கழன்று வரும். நகத்தால் பிளந்து பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, யூரியா மூட்டையை அவிழ்க்காதீர்கள்.