ஊரே சேர்ந்து செய்யும் கொடுமையைக் கதையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் நாங்கள் சிலர் நடத்தும் சிறுகதை வாசிப்புக் கூட்டத்துக்கு வரும் கைப்பிரதிகளில், கொடிய வழக்கம் ஒன்றுக்கு ஊரே தலைவணங்குவதைச் சொல்லும் கதை ஒன்றேனும் இருக்கும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். என் தலைமுறை எந்தெந்த இடத்தில் வழுக்கியதோ அதே இடங்களில் அவர்களும் வழுக்குவதைப் பார்த்தபின் இதை எழுதத் தோன்றியது. எழுத்துப் பிழை, அளவுக்கு மீறிய வருணனை, வட்டார வழக்கின் குளறுபடி ஆகியவற்றைத் தொடவில்லை; அவற்றை முதல் வாசகரே சொல்லிவிடுவார்.

மீசை முறுக்கிய ஊர்த்தலைவர்

அவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். கொடுமை நின்றுபோனால், நீங்கள் எழுதியது ஒரு தனிமனிதரின் அக்கிரமத்தைப் பற்றிய கதை.

ஊரை ஒரே ஆளாக்குவது

“ஊரே கல்லாய்ச் சமைந்து நின்றது”, “கூட்டம் ஆட்டு மந்தைபோலத் தலையசைத்தது” என்னும் வரிகளைக் காணும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இத்தவறு மொழிநடையோடு நிற்பதில்லை. கதையின் உயிரையே வாங்கிவிடுகிறது. ஊரார் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிகிறார்கள் என்று எழுதிய கணமே, வாசகர் அவர்களிடமிருந்து விலகி, ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று வசதியாக உட்கார்ந்துகொள்கிறார். யாரை உலுக்குவதற்காகக் கதை எழுதப்பட்டதோ அவரே தப்பிவிடுகிறார்.

இவ்வகைக் கதைகளுக்கு மூத்தது என்று பலரும் சொல்லும், அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’ 1948 ஜூன் மாதம் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் வந்தது. ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி ஒருவரைக் கல்லெறிந்து கொல்லும் ஊர் அது. அதைப் படித்துவிட்டு எழுதும் நம்மவர்கள் சீட்டையும் கல்லையும் எடுத்துக்கொண்டு ஊராரை விட்டுவிடுகிறார்கள். அந்த ஊராரோ மழையையும் டிராக்டரையும் வரியையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்து கூடுகிறார்கள். பாத்திரம் கழுவியதில் நேரமாகிவிட்டது என்று டெஸ்ஸி ஹட்சின்சன் கடைசியில் ஓடிவருகிறாள். அவளோடு சேர்ந்து சிரித்த பக்கத்து வீட்டுக்காரியே பிறகு இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்லைத் தேடி எடுக்கிறாள். தன் குடும்பத்துக்குச் சீட்டு விழும்வரை டெஸ்ஸியும் அந்த வழக்கத்தை எதிர்க்கவில்லை. சில ஊர்களில் இதைக் கைவிட்டுவிட்டார்களாம் என்ற பேச்சும் கூட்டத்துக்குள் வருகிறது. ஆக, மாற்று வழி உண்டென்பது அவர்கள் காதில் விழுந்தே இருக்கிறது. அது தெரிந்தும் செய்கிறார்கள் என்பதுதான் நம்மை உறங்கவிடாமல் செய்கிறது.

கீழ்ப்படிதலை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதற்கு ஒத்துவருகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963-இல் வெளியிட்ட சோதனையில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி சொல்லப்பட்ட 40 பேரில் 26 பேர், 450 வோல்ட் என்று குறித்திருந்த கடைசி விசைவரை போனார்கள். அதிர்ச்சி போலியானது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மரக்கட்டையாய் உட்கார்ந்திருக்கவில்லை. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், சிலர் காரணமின்றிச் சிரித்தார்கள், அப்படியிருந்தும் விசையை அழுத்தினார்கள். பின்னர் நடத்திய ஒரு சோதனையில், உடன் அமர்ந்திருந்த இருவர் மறுத்து எழுந்தபோது, கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 4 பேராகக் குறைந்தார்கள். நம் கதைகளிலோ மறுப்பவர் எப்போதும் ஒற்றை நாயகராகவே இருக்கிறார். ஒரே தெருவில் மறுக்கக்கூடிய இருவரை வைத்து, அவர்கள் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் போனது எப்படி என்று எழுதிப் பாருங்கள்; கதை அங்கே கிடைக்கும்.

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், பெண் சிசுக்கொலையைப் பற்றிக் கதை எழுதிக் கொண்டுவந்தார். மாமியார் கொடியவர், கணவர் ஊமை, ஊர் கல். கதையைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் சில கேள்விகள் மட்டும் கேட்டேன். கள்ளியை ஒடித்துவரப் போனது யார்? புகட்டிய சங்கை யார் கழுவி வைத்தார்கள்? அன்று மாலை அந்த வீட்டில் உலை வைத்தது யார்? அவருக்குச் சற்றுக் கோபம் வந்தது. அடுத்த கூட்டத்துக்குத் திருத்திக் கொண்டுவந்த கதையில் ஊர் இல்லை, கொடிய மாமியாரும் இல்லை. சங்கைக் கழுவிக் கூடத்து மாடத்தில் திரும்ப வைக்கும் நாத்தனார் இருந்தாள். அவளும் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கூட்டத்தில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

கீழ்ப்படியாமல் இருந்தால் என்ன ஆகும் என்ற கணக்கையும் எழுத்தாளர் வைத்திருக்க வேண்டும். ‘ஊர் ஒதுக்கிவிடும்’ என்று எழுதிவிட்டு நகர்வது போதாது. திருவிழாவுக்கான கோயில் வரியை அந்த வீட்டில் வாங்க மறுப்பார்கள்; சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது; மூத்த மகளுக்குப் பேசி முடித்த இடம் கைவிட்டுப் போகும். இவற்றுள் ஒன்றைப் பக்கத்தில் நிகழ்த்திக் காட்டினால், அச்சம் என்ற சொல்லை எழுதாமலே அச்சம் வந்துவிடும்.

‘காலங்காலமாக’ என்று தொடங்குவது

வழக்கத்துக்கு வயது உண்டு. அதை விசாரிக்காமல் எழுதக் கூடாது. பெண்ணுக்குப் பரிசம் கொடுத்து மணம் முடித்த சமூகங்கள் பல, இருபதாம் நூற்றாண்டின் ஓட்டத்தில் வரதட்சணைக்கு மாறின. மகள் பிறப்பு கடனாகத் தெரியத் தொடங்கியதில் அந்த மாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு. வேண்டாமென்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கப்பட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்டோரில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இம்மாவட்டத்தில் இருந்தார்கள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. கள்ளியின் இடத்தில் ஸ்கேன் அறை வந்தபின்னும் நம் கதைகள் மண்சுவர் வீட்டிலேயே நின்றுகொண்டிருக்கின்றன.

கொடுமையை மலைக்கு ஏற்றிவிடுவது

சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூர், மூடுபனி, காப்பித் தோட்டம், ஆண்டுக்கொரு நரபலி. இந்தக் கதையை வேறு வேறு கையெழுத்தில் படித்துவிட்டேன். அங்கே வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) உண்மையான மனிதர்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் விழாவுக்குச் சுற்று ஊர்களிலிருந்து வந்து கூடுகிறவர்கள். அவர்கள் தலையில் இல்லாத கொலையைச் சுமத்துவது கற்பனையின் பெயரில் செய்யும் அவதூறு. தொட்டிலைக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்த ஊர்களோ அடிவாரத்துக்குக் கீழே, பேருந்து போய்வரும் தூரத்தில் இருந்தன. சமவெளிக்காரர் தம் வீட்டுக் கதையை எழுத அஞ்சும்போது மலை வசதியாகக் கிடைக்கிறது.

இறுதியில் ஒரு சொற்பொழிவு

பள்ளி ஆசிரியர், ஆட்சியர், பட்டணத்து மருமகள், யார் பேசினாலும் அந்தப் பேச்சை அடித்துவிடுங்கள்.

பலியானவளை உடனே தெய்வமாக்குவது

கொலையுண்ட பெண்ணுக்குக் கல் நட்டு வழிபடும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. ஆகவே கடைசிப் பத்தியில் அவள் அம்மனாகி நிற்பது இயல்பாகவே படும். எழுதியவருக்கும் நீதி கிடைத்துவிட்ட நிறைவு வரும். ஆனால் அத்தகைய தெய்வங்களுக்கு ஆண்டுதோறும் பொங்கல் வைப்பவர்களில், அஞ்சி வணங்கும் கொன்றவர்களின் வாரிசுகளும் இருப்பார்கள். அவள் சாபம் தங்கள் பிள்ளைகளைத் தொடக் கூடாது என்பது அவர்கள் வேண்டுதல். அந்த வழிபாடு அவளுக்குக் கிடைத்த நீதியாகாது. கொலையின் மிச்சத்தை ஊர் கையாளும் முறை. அவளைத் தெய்வமாக்கித்தான் ஆக வேண்டுமென்றால், அந்தப் பொங்கலுக்கு அரிசி அளந்து கொடுப்பவர் யார், அளக்கும்போது அவர் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.