ஃப்ரைஸ் மொறுமொறுப்பாக வேண்டுமா?

பர்கர் கடையில் ஃப்ரைஸ் வாங்கும்போது, "இப்போ பொரிச்சது கொடுங்க, காத்திருக்கிறேன்" என்று பில் போடும்போதே சொல்லிவிடுங்கள். புதிதாகப் பொரிக்க வைப்பதற்காக உப்பில்லாமல் கேட்டுவிட்டு, அப்புறம் உப்புப் பொட்டலம் வாங்கும் பழைய தந்திரம் தேவையே இல்லை. எண்ணெயிலிருந்து எடுத்ததும் மொத்தமாக உப்புத் தூவித்தான் சூடு விளக்கின் கீழே உள்ள தட்டில் கொட்டி வைப்பார்கள். உப்பில்லாமல் ஒன்று வேண்டுமென்றால் அந்தத் தட்டைத் துடைத்து, தனியாக ஒரு கூடை போட வேண்டும். பாவம், அவர்களுக்கு இரட்டை வேலை. நேராகக் கேட்டால் அடுத்த கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உறைந்த உருளைத் துண்டு பொரிய ஏறக்குறைய 3 நிமிடம்தான் ஆகும்.

விளக்குச் சூடு, ஃப்ரைஸ் ஆறாமல்தான் பார்த்துக்கொள்ளும், மொறுமொறுப்பைக் காக்காது. உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியே வந்து மேல்தோலை நனைத்துவிடும். பத்து நிமிடம் கிடந்த துண்டை நுனியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், வளைந்து தொங்கும்.

கூட்டம் அலைமோதும் நேரத்தில் இப்படிக் கேட்க வேண்டியதில்லை, கூடை காலியாகிக்கொண்டே இருப்பதால் எல்லாமே புதிதுதான். பார்சலுக்கும் பயன்படாது, மூடிய பையில் ஆவி தங்கி, வீடு போவதற்குள் நமுத்துவிடும். கொண்டுபோயே ஆகவேண்டுமென்றால் பையின் வாயைத் திறந்தே வையுங்கள்.