இரைப்பையில் ஜிஸ்ட் கட்டியா? மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியவை

எங்கள் அம்மாவுக்கு இரைப்பையில் வந்தது ஜிஸ்ட் (GIST), அதாவது இரைப்பை, குடல் சுவரில் உருவாகும் ஒருவகைப் புற்றுக்கட்டி. வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் உட்சவ்வில் தொடங்கும். இது சுவரின் தசையடுக்கில், குடலசைவை ஒழுங்குபடுத்தும் கஹால் செல்களோடு தொடர்புடைய செல்களில் உருவாவது. அதனால் வைத்தியமே வேறு. வழக்கமான கீமோ இதற்குப் பெரும்பாலும் பலன் தராது.

முதலில் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். ஜிஸ்ட்டை அடையாளம் காட்டும் புரதங்களான சிடி117 (CD117), டாக்1 (DOG1) பாசிட்டிவ் என்று அநேகமாக இருக்கும். கட்டியின் அளவு, பிளவுபட்டுப் பெருகும் செல்களின் எண்ணிக்கை, கட்டி உடைந்ததா என்பது மூன்றையும் பாருங்கள். திரும்ப வரும் அபாயத்தை இவற்றோடு, கட்டி இருந்த இடத்தையும் வைத்துத்தான் கணிக்கிறார்கள். ஆபரேஷனில் கட்டியை உடையாமல் முழுசாக எடுப்பதுதான் முக்கியம். நிணநீர் முடிச்சுகளைப் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்காது.

திரும்ப வரும் அபாயம் அதிகமென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு, கட்டி செல்களின் வளர்ச்சியைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரை, வழக்கமாக தினம் 400 மி.கி., 3 வருடம். அதைத் தொடங்கும் முன் கட்டியின் மரபணுப் பரிசோதனை கேளுங்கள். டாக்டர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். கிட் (KIT) என்ற மரபணுவில் எக்ஸான் 11 என்ற பகுதியில் மாற்றம் என்றால் இமாடினிப் நன்றாகக் கேட்கும். நோய் பரவிய நிலையில் எக்ஸான் 9 என்றால் 800 மி.கி. வரை யோசிப்பார்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ (PDGFRA) என்ற இன்னொரு மரபணுவில் டி842வி (D842V) என்ற மாற்றம் இருந்தாலோ இமாடினிப் கேட்காது. பரவியிருந்தால் அதற்கு அவாப்ரிடினிப் என்ற தனி மருந்து. இந்த மாற்றம் பெரும்பாலும் இரைப்பைக் கட்டிகளில்தான் வருகிறது என்பதால் நமக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும். கிரேப்ஃப்ரூட் கூடாது. வேறு எந்த மருந்தும், மூலிகையும் டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். ஒருவேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். காலையில் அம்மாவின் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இவை பலருக்கும் வருபவை. திடீரென எடை ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, மலம் கறுத்தாலோ காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள். ரத்த அணு, கல்லீரல் சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

பரவிய கட்டிக்கு மாத்திரை சாப்பிடுபவர்களின் ஸ்கேனில் அளவு குறையவில்லை என்று பார்த்ததும் உடைந்துபோக வேண்டாம். மருந்து வேலை செய்யும்போது கட்டி சுருங்கும் முன் அதன் அடர்த்தி குறையும். சில சமயம் பெரிதாகக்கூடத் தெரியும். “அடர்த்தி எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பரவிய நோயில் நிறுத்தியவர்களில் பெரும்பாலானோருக்குக் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. இமாடினிப் பலன் குறைந்தால் அடுத்தடுத்து சுனிடினிப், ரெகோராஃபெனிப், ரிப்ரெடினிப் என்ற மருந்துகள் இருக்கின்றன.