ஒரு கம்பி, ஒரு பேட்டரி, ஒரு வரைபடம்: மின்தடை எண்ணை நீங்களே அளக்கலாம்

மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு உண்டாகும் எதிர்ப்பு, ஒரு குறிப்பிட்ட கம்பியின் குணம். மின்தடை எண் என்பது அந்தக் கம்பி எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளின் குணம். கம்பியை வெட்டினால் மின்தடை மாறும், மின்தடை எண் மாறாது. இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட அளந்து புரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. அதனால் இந்தப் பதிவில் நிக்ரோம் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் மின்தடை எண்ணைக் கண்டுபிடிக்கப் போகிறோம். வழியில் மின்னோட்டம், மின்னழுத்தம் எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும்.

தேவையானவை

0.3 மி.மீ. விட்டமுள்ள நிக்ரோம் கம்பி இரண்டரை மீட்டர் அளவுக்கு, 1.5 வோல்ட் ஏஏ பேட்டரி ஒன்று, இரண்டு மல்டிமீட்டர், முனையில் முதலை கிளிப் வைத்த இணைப்பு வயர்கள் நாலைந்து, ஒரு மீட்டர் ஸ்கேல், பென்சில், வரைபடத் தாள்.

ஏன் நிக்ரோம்? நிக்கலும் குரோமியமும் கலந்த கலவை அது. அதன் மின்தடை அதிகம் என்பதால் சாதாரண மீட்டரிலேயே தெளிவாக அளக்கலாம். அதோடு, சூடானாலும் அதன் மின்தடை அதிகம் மாறுவதில்லை. செம்புக் கம்பியில் இதே சோதனையைச் செய்ய முயன்றால் ஏன் சிரமம் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனைக்கு வீட்டுச் சுவரில் இருக்கும் மின்சாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. லித்தியம் பேட்டரியும் வேண்டாம். முனைகள் தவறுதலாக ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் அது மிக அதிக மின்னோட்டத்தைத் தந்து கம்பியைப் பழுக்க வைத்துவிடும். சாதாரண ஏஏ பேட்டரி ஒன்றே போதும்.

படி 1: மின்னோட்டம் என்றால் எதை எண்ணுகிறோம்?

கம்பியின் ஏதாவது ஓரிடத்தில் நின்று, அந்த இடத்தை ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடந்து போகிறது என்று பார்த்தால், அதுதான் மின்னோட்டம். நொடிக்கு ஒரு கூலும் போனால் ஒரு ஆம்பியர். ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலும் என்பதால், ஒரு ஆம்பியர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள். 2019 மே 20 முதல் ஆம்பியரின் வரையறையே எலக்ட்ரானின் மின்னூட்டத்தை நிலையான எண்ணாக வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

இத்தனை எலக்ட்ரான்கள் போகின்றன என்றதும், அவை மின்னல் வேகத்தில் பறக்கின்றன என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் செம்பில் சுமார் 8.5 × 10²⁸ கட்டற்ற எலக்ட்ரான்கள் உண்டு. ஒரு சதுர மி.மீ. குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரான்கள் சராசரியாக நகரும் வேகம் நொடிக்கு 0.07 மி.மீ. தான் வரும். ஒரு மணி நேரத்தில் கால் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இதற்கு இழுப்புத் திசைவேகம் என்று பெயர்.

அப்படியானால் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எப்படி உடனே எரிகிறது? சுவிட்சிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் விளக்குக்கு வந்து சேர வேண்டியதில்லை. கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சுவிட்ச் போட்டதும் மின்புலம் ஒளியின் வேகத்துக்கு நெருக்கமான வேகத்தில் கம்பி நெடுகப் பரவுகிறது. எல்லா எலக்ட்ரான்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன.

இதை இங்கே நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எலக்ட்ரான்கள் நேர்கோட்டில் போவதில்லை. அவற்றைத் தள்ளும் மின்னழுத்தம் எதுவும் இல்லாதபோதே அவை கம்பிக்குள் எல்லாத் திசைகளிலும் மிக வேகமாக அலைந்துகொண்டிருக்கின்றன. அதிர்ந்துகொண்டிருக்கும் அயனிகளிலும் கலந்திருக்கும் வேற்று அணுக்களிலும் மோதித் திசை மாறுகின்றன. பேட்டரி இணைத்ததும் இந்த அலைச்சலோடு சேர்ந்து ஒரு பக்கமாக மெல்லிய நகர்வு உண்டாகிறது. ஒவ்வொரு மோதலும் அந்த நகர்வைக் கலைத்துவிடுகிறது. மின்தடை பிறக்கும் இடம் இதுதான்.

படி 2: சுற்றை அமைத்தல்

நிக்ரோம் கம்பியில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக எடுத்து, ஸ்கேலை ஒட்டி நேராக இழுத்து இரு முனைகளையும் டேப் போட்டு ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் நீளம் தவறாகிவிடும்.

பேட்டரியின் ஒரு முனையிலிருந்து மின்னோட்டம் அளக்கும் மீட்டர், அதிலிருந்து கம்பியின் 0 செ.மீ. புள்ளி, பிறகு கம்பியில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் நீளத்தில் இரண்டாவது கிளிப், அங்கிருந்து பேட்டரியின் மறுமுனை. இது தொடர் இணைப்பு. இரண்டாவது மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, கம்பியைத் தொடும் அந்த இரண்டு கிளிப்புகளுக்கும் குறுக்காக இணையுங்கள். இது பக்க இணைப்பு.

மின்னோட்டம் அளக்கும் மீட்டரைப் பேட்டரிக்குக் குறுக்காக நேரடியாக இணைக்கவே கூடாது. அதன் உள் மின்தடை மிகக் குறைவு. உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். மல்டிமீட்டரில் மின்னோட்டத்துக்கும் வோல்ட்டுக்கும் சிவப்பு வயரைச் செருகும் துளைகளும் வேறு. ஒவ்வொரு முறையும் பார்த்துச் செருகுங்கள்.

படி 3: அளவெடுத்தல்

20, 40, 60, 80, 100 செ.மீ. என ஐந்து நீளங்களுக்கு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 20, 40 செ.மீ. இரண்டிலும் மின்னோட்டம் 200 மில்லி ஆம்பியரைத் தாண்டலாம் என்பதால் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மற்றவற்றுக்கு 200 மில்லி ஆம்பியர் அளவு போதும். ஒவ்வொரு முறையும் சட்டென்று படித்துவிட்டு இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கம்பியும் சூடாகாது, பேட்டரியும் தீராது.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம். உதாரணமாக 60 செ.மீ. நீளத்தில் 1.29 வோல்ட், 133 மில்லி ஆம்பியர் வருகிறது என்று கொள்வோம். 1.29-ஐ 0.133-ஆல் வகுத்தால் 9.7 ஓம்.

பேட்டரியில்தான் 1.5 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே, எதற்கு ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும் என்று தோன்றலாம். அந்த 1.5-ஐ அப்படியே எடுத்திருந்தால் விடை 11.3 ஓம் என்று வந்திருக்கும். பேட்டரிக்கு உள்ளேயும் மின்தடை இருக்கிறது, மீட்டருக்குள்ளும் இருக்கிறது. மின்னோட்டம் ஓடும்போது கொஞ்சம் வோல்ட் அங்கேயே செலவாகிவிடுகிறது.

ஜார்ஜ் சைமன் ஓமுக்கும் இதே தலைவலி இருந்தது. அவர் காலத்துப் பேட்டரிகளான வோல்ட்டா அடுக்குகளின் மின்னழுத்தம் நிலையாக நிற்கவில்லை. அதனால் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும், பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தால் அதன் மின்னழுத்தம் அசையாமல் நிற்கும். வெவ்வேறு நீளக் கம்பிகளை இணைத்துத்தான் அவரும் அளந்தார். 1827-இல் ஓம் விதியைப் புத்தகமாக வெளியிட்டார். நாம் செய்வது ஏறக்குறைய அதே சோதனைதான். நம்மிடம் நல்ல மீட்டர் இருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

இரண்டு மல்டிமீட்டர் கிடைக்கவில்லையா? பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரே மீட்டரை ஓம் அளவில் வைத்து நேரடியாக அளக்கலாம். சின்ன மின்தடைகளை இப்படி அளக்கும்போது மீட்டர் வயர்களின் மின்தடையும் சேர்ந்துவிடும். அதை எப்படி நீக்குவது என்பது ஐந்தாம் படியில் வருகிறது.

படி 4: கம்பியின் விட்டம்

திருகு அளவி இருந்தால் இரண்டு மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். இல்லையென்றால் மீதிக் கம்பியைப் பென்சிலில் இடைவெளி இல்லாமல் நெருக்கமாக 40 சுற்றுச் சுற்றி, அந்தச் சுருளின் மொத்த அகலத்தை ஸ்கேலில் அளந்து 40-ஆல் வகுங்கள். 12 மி.மீ. வந்தால் விட்டம் 0.3 மி.மீ.

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். முழுச் சோதனையிலும் விடையைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். மின்தடை எண்ணுக்குக் கம்பியின் குறுக்குப் பரப்பு தேவை, அது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டத்தில் 4 சதவீதம் தவறினால் விடையில் 8 சதவீதம் தவறும். 12 மி.மீ. சுருளை அரை மி.மீ. கூட்டிக் குறைத்துப் படித்தாலே அந்த 4 சதவீதம் வந்துவிடும்.

பரப்பு = 3.14 × 0.15 × 0.15 = 0.0707 சதுர மி.மீ. இதை மீட்டருக்கு மாற்றினால் 7.07 × 10⁻⁸ சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் பத்து லட்சம் சதுர மி.மீ. இருக்கிறது, ஆயிரம் அல்ல. தவறான விடைகளில் பாதி இந்த ஒரு மாற்றத்தில்தான் பிறக்கிறது.

படி 5: வரைபடம்

நீளத்தைக் கிடை அச்சிலும் மின்தடையைச் செங்குத்து அச்சிலும் குறியுங்கள். ஐந்து நீளங்களுக்கும் மின்தடை முறையே 3.4, 6.5, 9.7, 12.8, 15.9 ஓம் என்று வந்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். நீளம் இரட்டித்தால் மின்தடை இரட்டிக்கிறது என்று சொல்லத் தோன்றும். எண்களைக் கூர்ந்து பாருங்கள். 3.4-இன் இரண்டு மடங்கு 6.8, ஆனால் 40 செ.மீ.க்கு வந்தது 6.5.

கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் விடை தெரியும். நீளம் பூஜ்யமாகும் இடத்தில் கோடு பூஜ்யத்தைத் தொடாமல் 0.3 ஓமில் வெட்டுகிறது. கம்பியே இல்லாத இடத்தில் எப்படி மின்தடை? கிளிப் கம்பியைத் தொடும் இடத்திலும், கிளிப்பிலும் இருக்கும் மின்தடை அது. எந்த நீளத்தை அளந்தாலும் அதே 0.3 ஓம் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது.

எனவேதான் ஒரே ஒரு நீளத்தை அளந்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. 20 செ.மீ. அளவை மட்டும் நம்பினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 17 ஓம் என்று வரும். கோட்டின் சாய்வை எடுத்தால் (15.9 − 3.4) ÷ (1.00 − 0.20) = மீட்டருக்கு 15.6 ஓம். கழிக்கும்போது அந்த 0.3 ஓம் தானே காணாமல் போய்விடுகிறது. ஓம் அளவில் நேரடியாக அளந்தவர்களுக்கும் இதே மருந்துதான்; மீட்டர் வயர்களின் மின்தடை, கோடு செங்குத்து அச்சை வெட்டும் எண்ணில் ஒதுங்கிவிடும், சாய்வைத் தொடாது. இந்தச் சோதனையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியும் என்றால், சாய்வை எடுப்பதைத்தான் நான் சொல்வேன்.

படி 6: மின்தடை எண்

மின்தடை நீளத்துக்கு நேர் விகிதத்திலும் பரப்புக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். எனவே மின்தடை எண் = சாய்வு × பரப்பு.

15.6 × 7.07 × 10⁻⁸ = 1.10 × 10⁻⁶ ஓம் மீட்டர்.

நிக்ரோமுக்குப் பாடநூல்களில் 1.0 முதல் 1.5 × 10⁻⁶ வரை மதிப்புகளைக் காணலாம். நிக்கல், குரோமியம் விகிதம் மாறினால் எண்ணும் மாறும். உங்களுக்கு இந்த எல்லைக்குள் வந்தால் சோதனை சரி. 20 செ.மீ. அளவை மட்டும் வைத்திருந்தால் 1.20 × 10⁻⁶ வந்திருக்கும். அதுவும் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் உங்கள் கம்பிக்கு அது தவறான எண்.

அறை வெப்பநிலையில் வெள்ளிக்கு 1.59 × 10⁻⁸, செம்புக்கு 1.68 × 10⁻⁸, இரும்புக்கு ஏறக்குறைய 10⁻⁷ ஓம் மீட்டர். செம்பைவிட நிக்ரோம் சுமார் 65 மடங்கு. தூய செம்பில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் எலக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே சராசரியாக 40 நானோமீட்டர் போகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட அணுக்களைத் தாண்டிவிடுகிறது. நிக்ரோமில் இரண்டு வகை அணுக்கள் ஒழுங்கின்றிக் கலந்து கிடப்பதால் எலக்ட்ரானுக்கு எங்கு திரும்பினாலும் இடைஞ்சல்.

இதனால்தான் சூடும் நிக்ரோமை அதிகம் பாதிப்பதில்லை. செம்பில் மோதல்கள் பெரும்பாலும் அணுக்களின் அதிர்வால் வருபவை. சூடேறினால் அதிர்வு கூடி, ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.4 சதவீதம் மின்தடை ஏறுகிறது. நிக்ரோமில் ஒழுங்கின்மையால் வரும் மோதல்களே பெரும்பங்கு என்பதால் அதிர்வு கூடினாலும் பெரிய மாற்றம் தெரிவதில்லை. மறுபக்கம், மிகக் குளிர்வித்தால் சில உலோகங்களில் மின்தடை முற்றாக மறைந்துவிடுகிறது. 1911-இல் நெதர்லாந்து இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸின் ஆய்வகத்தில் பாதரசத்தை 4.2 கெல்வினுக்கு (சுமார் −269 டிகிரி செல்சியஸ்) குளிர்வித்தபோது இது முதன்முதலில் தெரியவந்தது.

படி 7: உங்கள் விடையைச் சோதித்துப் பாருங்கள்

ஒரு மீட்டர் கம்பியைச் சரிபாதியாக மடித்து, இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரே கம்பியாக இரு முனைகளிலும் கிளிப் போடுங்கள். மடித்த இடத்தில் போட்ட கிளிப் இரண்டு இழைகளையும் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். அளப்பதற்கு முன் விடையை எழுதி வையுங்கள். பலர் பாதி என்று எழுதுவார்கள். நீளம் பாதி, பரப்போ இரண்டு மடங்கு, மின்தடை கால்வாசியாகும். 15.6 ஓம் 3.9 ஆகும், அதோடு கிளிப்பின் 0.3 சேர்ந்து மீட்டரில் 4.2 அருகே வர வேண்டும். மின்தடை எண் அதே 1.10 × 10⁻⁶.

அப்புறம், செம்பு. அதே 0.3 மி.மீ. தடிமனில் ஒரு மீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை 0.24 ஓம் மட்டுமே. கிளிப்பின் மின்தடையைவிடக் குறைவு. இதை அளக்க நான்கு முனை முறை வேண்டும். மின்னோட்டத்தைச் செலுத்த இரண்டு கிளிப்பை வெளிப்புறமாகப் போட்டு, வோல்ட் மீட்டரின் இரண்டு முனைகளை அவற்றுக்கு உள்ளே கம்பியின் மீதே தனியாகத் தொட வைக்க வேண்டும். வோல்ட் மீட்டர் வழியாக மின்னோட்டம் கிட்டத்தட்ட ஓடாததால், அது தொடும் இடத்தின் மின்தடை அளவில் சேராது. வெளிக் கிளிப்புகளின் மின்தடையும் அளக்கும் பகுதிக்கு வெளியே நின்றுவிடும். நீளமாக எடுத்துக்கொள்ள வேண்டியது வோல்ட் மீட்டர் முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை. சுற்றில் செம்பு மட்டும் இருந்தால் மின்னோட்டம் அளவுக்கு மீறிப் போய்விடும். உங்கள் நிக்ரோம் கம்பியில் 40 செ.மீ. துண்டு ஒன்றைத் தொடரில் சேர்த்துவிட்டால் போதும், செம்பில் சுமார் 50 மில்லி வோல்ட் படிக்கலாம்.