‘ஹேபியஸ் கோர்ப்பஸ்’: பொருளறிந்து எழுதும் முறை

யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்போரும், ஆங்கிலத்தில் செய்தி எழுதப் பழகும் இளையோரும் முதலில் தெளிந்துகொள்ள வேண்டிய இலத்தீன் தொடர் ‘ஹேபியஸ் கோர்ப்பஸ்’ என்பேன். ‘கோர்ப்பஸ்’ என்றால் உடல். ‘ஹேபியஸ்’ நமது வியங்கோள் வினையை ஒத்த வடிவம். ஆகவே ‘நீ உடலைக் கொண்டிருப்பாயாக’ என்பதே சொற்பொருள். இங்கே ‘நீ’ எனப்படுபவர், ஒருவரைத் தடுத்து வைத்திருப்பவர். அந்த ஆளை மன்றின் முன் கொண்டுவந்து, எந்தச் சட்டத்தின்படி தடுத்து வைத்தாய் எனக் காரணம் காட்டு என்று நீதிபதி அவருக்கு இடும் கட்டளை இது.

மொழிபெயர்க்கும்போது ‘உடல்’ என்ற சொல்லை அப்படியே எடுத்து வைத்துவிடாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஒருத்தியின் கைக்கு அந்தத் தமிழ் வாசகம் போய்ச் சேரக்கூடும். நம் பேச்சில் ‘உடல் கிடைத்தது’ என்றால் பொருளே வேறு. நமது சட்டத் தமிழில் ‘ஆட்கொணர்வு எழுத்தாணை’ என்னும் அருமையான சொல் இருக்கிறது. ‘ஆள்’ உயிருள்ள மனிதரைச் சுட்டுவதால், மூலத்தைவிட அதுவே கருத்தைச் சரியாகப் பிடிக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதுகையில் மனுவையும் எழுத்தாணையையும் பிரித்தறிய வேண்டும். குடும்பத்தினர் தாக்கல் செய்வது ‘அப்ளிகேஷன்’ அல்லது ‘பெட்டிஷன்’. நீதிமன்றம் பிறப்பிப்பதே ‘ரிட்’. எனவே தாய் ‘ரிட் ஒஃப் ஹேபியஸ் கோர்ப்பஸ்’ கோரி விண்ணப்பித்தார் என்று எழுதுங்கள். ‘ஹ’ ஒலிக்கப்படுவதால் தொடரின் முன்னே ‘எ’ வரும், ‘ஆன்’ வராது. பிணை மனுவுக்கு இத்தொடர் பொருந்தாது. ஆனால், இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரை, அரசு மட்டுமன்றித் தனியாட்கள் ஒருவரைத் தடுத்து வைத்திருப்பதையும் உள்ளடக்குவதால், பிள்ளையின் பாதுகாப்புப் பற்றிய குடும்ப வழக்குகளிலும் இது இடம்பெறுவதுண்டு.

அந்த உறுப்புரை இந்த எழுத்தாணையைப் பிறப்பிக்கும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளித்தது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம், தத்தம் மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டோர் தொடர்பில் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அதை வழங்கியது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக முறையிடும் மனு இதிலிருந்து வேறானது; அதை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 141 ஆம் உறுப்புரை அத்தகைய கால எல்லை எதையும் வகுக்கவில்லை. நாவற்குழியில் 1996 இல் காணாமல் ஆக்கப்பட்டோருக்காக 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் தாக்கலானவை ஆட்கொணர்வு மனுக்களே. அவற்றை ‘அடிப்படை உரிமை வழக்கு’ என எழுதுவது தவறு.